ஓட்டுச்சாவடியில் ஆசிரியர், வகுப்பறையில் மௌனம்

இந்த நாட்டில் ஓட்டு எப்படிப் பதிவாகிறது என்பதைக் கையால் தொட்டு அறிந்தவர்கள் யார் யார் என்று பட்டியல் போட்டால், முதல் பெயர் பள்ளி ஆசிரியருடையதாகத்தான் இருக்கும். வாக்குப்பதிவுக்கு முந்தின நாளே மாற்றுத்துணியும் தண்ணீர் பாட்டிலுமாக ஏதோ ஓர் ஊர்ப் பள்ளிக்கூடத்துக்குப் போய்ச் சேர்கிறார். விடியுமுன் எழுந்து, கட்சி முகவர்கள் பார்த்திருக்க, குறைந்தது 50 ஓட்டுகளாவது பதிந்து மாதிரி வாக்குப்பதிவு நடத்துகிறார். எண்ணிக் காட்டி, அழித்து, முத்திரை வைக்கிறார். ஏழு மணிக்கு வரிசை நகரத் தொடங்கினால் ஒருவர் பட்டியலில் பெயர் பார்க்கிறார். அடுத்தவர் 17ஏ பதிவேட்டில் கையெழுத்து வாங்கி, இடது ஆள்காட்டி விரலில் மை வைக்கிறார். மூன்றாமவர் கட்டுப்பாட்டுக் கருவியின் பொத்தானை அழுத்தி ஓட்டைத் திறந்துவிடுகிறார். “என் ஓட்டை வேற யாரோ போட்டுட்டாங்க சார்” என்று வருகிறவரைத் திருப்பி அனுப்பாமல், அவர் இன்னார்தான் என்று உறுதியானால் டெண்டர் ஓட்டுச்சீட்டு கொடுக்கிறார். பார்வையற்றவரோடு வந்த துணையிடம் உறுதிமொழி எழுதி வாங்குகிறார். மாலையில் 17சி படிவத்தில் பதிவான மொத்த ஓட்டை எழுதி, முகவர்களுக்குப் பிரதி கொடுத்து, பெட்டியை ஒப்படைத்த பிறகுதான் அவருக்கு மூச்சு வரும்.

இத்தனையும் செய்தவர் கோடை முடிந்து வகுப்புக்குத் திரும்பியதும், தேர்தல் ஆணையத்தின் பணிகள் யாவை என்ற ஐந்து மதிப்பெண் வினாவுக்கு விடை எழுதிப் போடுகிறார். மாணவர்களும் மனப்பாடம் செய்கிறார்கள். தாம் சாவடியில் பார்த்ததை அந்தப் பாடத்தோடு சேர்த்துச் சொல்லும் ஆசிரியர்கள் குறைவு.

ஆசிரியர் தம் குடிமை வாழ்க்கையாலேயே மாணவருக்கு எடுத்துக்காட்டாக இருக்க வேண்டும் என்று மேடைதோறும் பேசப்படுகிறது. எதை எடுத்துக்காட்டுவது, எது தடுக்கிறது, காட்டினால் பிள்ளைகள் பிற்காலத்தில் ஓட்டுச்சாவடிக்குப் போகிறார்களா என்ற கேள்விகள் அந்த மேடைகளில் எழுவதில்லை. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். யாருக்கு ஓட்டு என்பதில் மட்டும்தான் சட்டம் ஆசிரியரிடம் மௌனம் கேட்கிறது. நாம் அதை இழுத்து, அரசியல் முழுவதற்குமான மௌனமாக்கிவிட்டோம். நம் பள்ளிகளில் குடிமைக் கல்வி சோர்ந்து கிடப்பதற்குப் பாடநூலைவிட இந்த மௌனமே பெரிய காரணம்.

தேர்தல் பணி ஆசிரியர் விரும்பி ஏற்பதல்ல, சட்டம் சுமத்துவது. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 27-ஆம் பிரிவில், கற்பித்தல் அல்லாத வேலைகளுக்கு ஆசிரியரை அனுப்பக்கூடாது என்று சொல்லிவிட்டு மூன்று விலக்குகளை வைத்தது: பத்தாண்டுக்கு ஒருமுறை வரும் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், தேர்தல். அதற்கு முன்பே 2007 டிசம்பரில் டெல்லி செயின்ட் மேரிஸ் பள்ளி வழக்கில், வாக்காளர் பட்டியல் திருத்தம் போன்ற வேலைகளை விடுமுறை நாட்களிலும் பாடம் நடக்காத நேரத்திலும் வைத்துக்கொள்ள வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொல்லியிருந்தது. வாக்குச்சாவடி நிலை அலுவலராக வீதி வீதியாக அலைந்த ஆசிரியர்களிடம் அந்தத் தீர்ப்பைச் சொன்னால் சிரிப்பார்கள். 2025 நவம்பர் 4 அன்று தமிழ்நாட்டில் தொடங்கிய சிறப்புத் தீவிரத் திருத்தத்தில் கணக்கெடுப்புப் படிவத்தை வீடு வீடாகக் கொடுத்துத் திரும்ப வாங்கியவர்களில் ஆசிரியர்களும் உண்டு. பள்ளி வேலை நாட்கள் அவை. உத்தரப் பிரதேசத்தில் 2021 பஞ்சாயத்துத் தேர்தல் கொரோனா இரண்டாம் அலைக்கு நடுவே நடந்தது. பணியாற்றிய ஆசிரியர்கள், பணியாளர்களில் 1,621 பேர் இறந்ததாகத் தொடக்கப் பள்ளி ஆசிரியர் சங்கம் பட்டியல் கொடுத்தது. அரசு முதலில் ஒப்புக்கொண்டது 3 பேரை. சனநாயகத்துக்காக ஆசிரியர் என்ன கொடுக்கிறார் என்ற பேச்சு வரும்போது இந்த இரண்டு எண்களையும் சேர்த்தே நினைவில் வைக்க வேண்டும்.

இவ்வளவு உழைப்பும் மாணவர் கண்ணில் படாமலே போவதுதான் விந்தை. பணியாளர்களைக் கணினிக் குலுக்கல் முறையில் ஒதுக்குகிறார்கள். சொந்தத் தொகுதியும் வேலை பார்க்கும் தொகுதியும் தவிர்க்கப்படுகின்றன. பாரபட்சத்துக்கு இடம் தராத நல்ல ஏற்பாடு. ஆனால் ஐந்தாம் வகுப்புப் பையன் தன் வகுப்பறை ஓட்டுச்சாவடியாகும் நாளில் எட்டிப் பார்த்தால், உள்ளே இருப்பவர் வேற்றூர் டீச்சர். அவனுடைய டீச்சர் நாற்பது கிலோமீட்டருக்கு அப்பால் யாருடைய விரலுக்கோ மை வைத்துக்கொண்டிருப்பார். வரிசையில் நின்று ஓட்டுப் போடும் ஆசிரியரையும் அவன் பார்க்க முடியாது. கிராமப் பள்ளி ஆசிரியர்களில் பலர் நகரத்திலிருந்து பேருந்தில் வந்து போகிறவர்கள். அவர்கள் ஓட்டு அங்கே இருக்கிறது. தேர்தல் பணியில் இருப்பவர்களுக்கோ வரிசையே கிடையாது. சொந்த மக்களவைத் தொகுதிக்குள்ளேயே பணி கிடைத்தால், பணிச் சான்று பெற்று அந்தச் சாவடியிலேயே போடலாம். இல்லாவிட்டால் தபால் ஓட்டுதான்.

தபால் ஓட்டு என்ற சின்னக் கடலில் கரை சேராமல் போன ஓட்டுகள் ஏராளம். 13ஏ உறுதிமொழியில் கெசட்டட் அதிகாரி சான்றொப்பம் இட வேண்டும். ஓட்டுச்சீட்டு உள்ளுறைக்குள் இருக்க வேண்டும். உறுதிமொழி அதற்குள் போய்விடக்கூடாது. ஒன்று தவறினாலும் செல்லாது. 2016 சட்டமன்றத் தேர்தலில் ராதாபுரம் தொகுதியில் நடந்தது இதன் உச்சம். அ.தி.மு.க.வின் இன்பதுரை தி.மு.க.வின் அப்பாவுவைவிட 49 ஓட்டு கூடுதலாகப் பெற்று வென்றதாக அறிவிக்கப்பட்டார். அங்கே 203 தபால் ஓட்டுகள் எண்ணப்படாமல் தள்ளப்பட்டிருந்தன. சான்றொப்பம் இட்ட தலைமையாசிரியர் கெசட்டட் அதிகாரி அல்ல என்பது சொல்லப்பட்ட காரணம். தோற்றதாக அறிவிக்கப்பட்ட அப்பாவுவும் அரசியலுக்கு வருமுன் ஆசிரியராக இருந்தவர்தான். வழக்கு மூன்றாண்டு நடந்தது. 2019 அக்டோபரில் சென்னை உயர் நீதிமன்றம் அந்தத் தபால் ஓட்டுகளையும் கடைசிச் சுற்றுகளின் இயந்திர ஓட்டுகளையும் மறுபடி எண்ண உத்தரவிட்டது. எண்ணினார்கள், முடிவை வெளியிட உச்ச நீதிமன்றம் தடை விதித்தது. ஐந்தாண்டுப் பதவிக்காலமே முடிந்துபோயிற்று. 2021-இல் அப்பாவு அதே தொகுதியில் வென்று பேரவைத் தலைவரானார்.

ஒரு தலைமையாசிரியரின் பச்சை மைக் கையெழுத்துக்கு மதிப்பு உண்டா இல்லையா என்பதில் ஒரு தொகுதியின் பிரதிநிதித்துவமே தொங்கிய கதை இது. ஒரு ஓட்டில் என்ன இருக்கிறது என்று கேட்கும் பதினாறு வயதுக்காரருக்கு இதைவிட நல்ல பாடம் எங்கே கிடைக்கும்? இதில் எந்தக் கட்சியையும் புகழவோ இகழவோ வேண்டியதில்லை. ஆனாலும் கட்சிப் பெயர் வருகிறதே என்ற ஒரே காரணத்தால் பெரும்பாலான வகுப்பறைகளுக்குள் இந்தக் கதை நுழையாது. தபால் ஓட்டு விதியும் இப்போது மாறிவிட்டது. 2023 திருத்தத்தின்படி தேர்தல் பணியாளர் சீட்டை வீட்டுக்கு எடுத்துச் செல்லாமல், வசதி மையத்திலேயே வாங்கி, பதிந்து, அங்கேயே போட்டுவிட்டு வர வேண்டும்.

ஆசிரியரின் வாயைக் கட்டும் விதிகள் உண்மையில் என்ன சொல்கின்றன? மத்திய அரசு ஊழியர் நடத்தை விதிகளில் ஐந்தாவது, ஊழியர் எந்தக் கட்சியிலும் உறுப்பினராகவோ அதற்கு உதவியாகவோ இருக்கக்கூடாது என்கிறது. ஓட்டுப் போடலாம், யாருக்குப் போட்டேன், போடப்போகிறேன் என்று காட்டிக்கொள்ளக்கூடாது. தமிழ்நாட்டின் 1973-ஆம் ஆண்டு நடத்தை விதிகளும் இதே போக்கில் அமைந்தவைதான். மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 134ஏ பிரிவு, அரசுப் பணியிலிருப்பவர் வேட்பாளரின் தேர்தல் முகவராகவோ வாக்குச்சாவடி முகவராகவோ எண்ணிக்கை முகவராகவோ இருந்தால் மூன்று மாதம் வரை சிறை என்கிறது. சாவடியில் பணியாற்றியவர் ஓட்டின் ரகசியத்தைக் காக்க வேண்டும் என்பது 128-ஆம் பிரிவு. வேட்பாளரின் பிரமாணப் பத்திரத்தை எப்படிப் படிப்பது என்று மாணவருக்குச் சொல்லித்தரக்கூடாது என்று இவற்றில் எங்கும் இல்லை. ஒரு பட்ஜெட்டை ஆளுங்கட்சி எப்படிப் பார்க்கிறது, எதிர்க்கட்சி எப்படிப் பார்க்கிறது என்று கரும்பலகையில் இரண்டு பத்தியாக எழுதக்கூடாது என்றும் இல்லை.

இருந்தும் ஆசிரியர் பேசுவதில்லை. அவரைக் குறை சொல்வது எளிது. பின் வரிசையில் ஒரு கைப்பேசி பதிவு செய்துகொண்டிருக்கலாம். பையனின் அப்பா கிளைச் செயலாளராக இருக்கலாம். ஒரு வாக்கியம் வாட்ஸ்அப்பில் சுற்றினால் விளக்கக் குறிப்பாணை வரும்; விளக்கம் எழுதி மாளாது. விதி சொல்வதைவிட மேலதிகாரி என்ன நினைப்பார் என்பதே அவருக்கு நிஜமான சட்டம். ஆகவே, “நமக்கெதுக்குப்பா அரசியல்” என்று சொல்லி அடுத்த பாடத்துக்குப் போகிறார். மாணவர் அவரிடமிருந்து உண்மையில் கற்பது அந்த வாக்கியத்தைத்தான். எடுத்துக்காட்டு என்பது இப்படியும் வேலை செய்யும்.

பள்ளியில் கற்பது பிற்கால ஓட்டாக மாறுகிறதா என்பது பழைய ஆராய்ச்சிக் கேள்வி. 1968-இல் லாங்டன், ஜென்னிங்ஸ் என்ற இரு அமெரிக்க அறிஞர்கள் உயர்நிலைப் பள்ளிக் குடிமைப் பாடத்தால் மாணவரின் அரசியல் நாட்டத்தில் சொல்லத்தக்க மாற்றம் எதுவும் இல்லை என்று எழுதினார்கள். கறுப்பின மாணவரிடம் மட்டும் ஓரளவு பயன் தெரிந்தது. முப்பதாண்டு கழித்து வந்த ஆய்வுகள், பாடம் அறிவையாவது கூட்டுகிறது என்று அதைத் திருத்தின. எனக்கு முக்கியமாகப் படுவது 1999-இல் 28 நாடுகளில் ஏறத்தாழ 90,000 பதினான்கு வயது மாணவரிடம் நடந்த ஒப்பாய்வு. கருத்து வேறுபாட்டை அச்சமின்றிப் பேச இடமிருக்கும் வகுப்பறைகளில் படித்தவர்களிடம் குடிமை அறிவும், வளர்ந்ததும் ஓட்டுப் போடுவேன் என்ற எண்ணமும் கூடுதலாக இருந்தன என்பது அதன் முடிவுகளில் ஒன்று. என்ன பாடம் என்பதோடு, எந்த மாதிரி வகுப்பு என்பதும் கணக்கில் வருகிறது. இன்னொரு சோதனை, 1988-இல் அரிசோனாவில் தொடங்கிய கிட்ஸ் வோட்டிங். கோஸ்டா ரிகாவில் பெற்றோரோடு பிள்ளைகளும் சாவடிக்குப் போவதைப் பார்த்துவிட்டு வந்தவர்கள் ஆரம்பித்தது. வகுப்பில் பேசிய பிள்ளைகள் வீட்டில் போய் அப்பா அம்மாவிடம் கேள்வி கேட்டதில், பெற்றோரின் அரசியல் கவனமும் கூடியதை ஆய்வாளர்கள் கண்டார்கள்.

ஆசிரியர் தம் சார்பைச் சொல்லலாமா என்பதில் உலகம் ஒருமித்து இல்லை. ஹெஸ், மெக்அவாய் என்ற அமெரிக்க ஆய்வாளர் இருவர் எழுதிய ‘தி பொலிட்டிகல் கிளாஸ்ரூம்’ அதை ஆசிரியரின் தொழில்சார் முடிவுக்கு விடுகிறது. இங்கிலாந்தில் 1996 கல்விச் சட்டம், ஒருசார்பாகத் திணிப்பதைத் தடுத்து, சர்ச்சைக்குரிய அரசியல் பொருளில் எதிரெதிர்க் கருத்துகளைச் சமநிலையில் வைக்கச் சொல்கிறது. எனக்குப் பிடித்தது ஜெர்மனியின் வழி. 1976-இல் பாய்ட்டெல்ஸ்பாக் என்ற சிற்றூரில் கூடிய கல்வியாளர்கள் மூன்று கொள்கைகளுக்கு வந்தார்கள். மாணவரைத் தம் கருத்தால் அமுக்கிவிடக்கூடாது. அறிஞரிடையிலும் அரசியலிலும் சர்ச்சையாக இருப்பதை வகுப்பிலும் சர்ச்சையாகவே காட்ட வேண்டும். தன் நலன் எது, தன் நிலைமை என்ன என்று மாணவர் தாமே ஆராயும் திறன் பெற வேண்டும். முதல் கொள்கை மட்டும் நம் நடத்தை விதிகளின் உணர்வோடு ஒத்துப்போகிறது. மதிப்பெண் போடும் கை ஆசிரியருடையது என்பதால் அந்தக் கட்டுப்பாடு தேவை என்பதே என் கட்சியும். இரண்டாவதையும் மூன்றாவதையும் நாம் தொடவே இல்லை.

நாம் செய்வது ஊர்வலம். தேர்தல் ஆணையம் 2009 முதல் வாக்காளர் விழிப்புணர்வுத் திட்டம் ஒன்றை நடத்துகிறது. 2011 முதல் சனவரி 25 தேசிய வாக்காளர் நாள். 2018 முதல் பள்ளி, கல்லூரிகளில் வாக்காளர் கல்விக் குழுக்கள். நோக்கம் நல்லது. பள்ளியில் அது பதாகை பிடிப்பது, கோலம் போடுவது, மனிதச் சங்கிலி, உறுதிமொழி என்று இறங்கிவிடுகிறது. அப்பா அம்மா ஓட்டுப் போடுவதாகப் பிள்ளை உறுதிக் கடிதம் வாங்கி வரவேண்டும் என்ற ஏற்பாடும் உண்டு. வீட்டில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிடுவார்கள், பிராக்ரஸ் ரிப்போர்ட்டுக்குப் போடுவது மாதிரியே. கல்வி கூடினால் ஓட்டு தானாகக் கூடிவிடும் என்ற நம்பிக்கையும் பொய்த்துவிட்டது: 2024 மக்களவைத் தேர்தலில் தருமபுரியில் 81 விழுக்காட்டுக்கு மேல் பதிவானது, மத்திய சென்னையில் 54-ஐ ஒட்டி நின்றது.

பள்ளிக்குள் நாள்தோறும் நடக்கும் ஆட்சியைப் பாருங்கள். கிளாஸ் லீடரை ஆசிரியரே நியமிக்கிறார், பெரும்பாலும் முதல் மதிப்பெண்காரரை. லீடரின் முதல் வேலை, ஆசிரியர் இல்லாதபோது பேசுகிறவர்களின் பெயரைப் பலகையில் எழுதுவது. பதவி மேலிருந்து வரும், அது பேசுகிறவனை ஒடுக்க என்பதுதான் பத்து வயதில் நம் பிள்ளைகள் கற்கும் முதல் அரசியல் பாடம். சில பள்ளிகள் வேட்புமனு, சின்னம், ரகசிய ஓட்டு என்று மாணவர் தேர்தல் நடத்துகின்றன. கேரளத்தில் பள்ளி நாடாளுமன்றத் தேர்தல் நெடுங்காலமாக வழக்கத்தில் இருக்கிறது. தேர்ந்தெடுக்கப்பட்டவர்களுக்கு முடிவெடுக்க ஏதாவது இருந்தால்தான் அதற்கு அர்த்தம். கழிவறை எப்போது சுத்தமாகும், விளையாட்டு நேரத்தைக் கணக்கு ஆசிரியர் எடுத்துக்கொள்ளலாமா என்பதில் ஒரு சொல் சொல்ல முடியாத மாணவர் மன்றம் வெறும் மாறுவேடப் போட்டி.

பாடநூலைப் பற்றி ஒன்றே ஒன்று. 2005 தேசியக் கலைத்திட்டம், குடிமையியல் என்ற பழைய பாடமே வெள்ளையராட்சிக்கு விசுவாசம் வளர்க்கப் பிறந்தது என்று சொல்லி அதை அரசியல் அறிவியலாக மாற்றச் சொன்னது. அடுத்து வந்த என்சிஇஆர்டி நூல்கள் அந்தப் பாதையில் போயின. நூல் மாறினாலும் தேர்வு வினா மாறவில்லை.

இனிப் போராட்டம். குடிமைச் செயல்பாடு என்று ஆசிரியர்கள் செய்வதில் மாணவர் கண்ணுக்கு நிச்சயமாகத் தெரிவது இது ஒன்றுதான், ஏனென்றால் அன்று பள்ளி நடக்காது. 2003 ஜூலையில் தமிழ்நாட்டு அரசு ஊழியர்களும் ஆசிரியர்களும் வேலைநிறுத்தம் செய்தபோது மாநில அரசு அத்தியாவசியப் பணிகள் பராமரிப்புச் சட்டத்தை (டெஸ்மா) எடுத்தது. லட்சத்துக்கும் மேற்பட்டோர் ஒரே வீச்சில் வேலை நீக்கம் ஆனார்கள். ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம், அரசு ஊழியருக்கு வேலைநிறுத்த உரிமை இல்லை என்றது. நிபந்தனையற்ற மன்னிப்புக் கடிதம் கொடுத்தவர்கள் திரும்பச் சேர்க்கப்பட்டார்கள். லீவு எடுத்த பையனிடம் மன்னிப்புக் கடிதம் கேட்கிறவர்கள் தாமே எழுதிக் கொடுத்த ஆண்டு அது. அடுத்த மே மாதம் நடந்த மக்களவைத் தேர்தலில் தமிழ்நாட்டின் 39 இடங்களிலும் ஆளுங்கட்சிக் கூட்டணி தோற்றது. சில நாட்களிலேயே ஊழியர்கள்மீதான நடவடிக்கைகள் திரும்பப் பெறப்பட்டன. 2019 சனவரியில் ஆசிரியர், அரசு ஊழியர் சங்கங்களின் கூட்டமைப்பான ஜாக்டோ-ஜியோ மறுபடியும் களமிறங்கியபோது, 2003 ஏப்ரலுக்குப் பிறகு சேர்ந்தவர்களுக்கு இல்லாமல் போன பழைய ஓய்வூதியம் முதன்மைக் கோரிக்கைகளில் ஒன்றாக இருந்தது.

போராடியது சரியா, தேர்வு நெருங்கும் சனவரியில் பள்ளியை மூடியது தகுமா என்று இரண்டு பக்கமும் வாதாட இடமுண்டு. எனக்கு உறுத்துவது வேறு. திரும்பி வந்த ஆசிரியர், ‘நாங்கள் ஏன் போனோம், எங்கள் கோரிக்கை என்ன, அரசு சொல்லும் நிதிக் காரணம் என்ன, உங்களுக்கு இதில் என்ன இழப்பு’ என்று வகுப்பில் பேசியிருக்க வேண்டும். ஓய்வூதியம் கட்சி விவகாரம் அல்ல. பேசத் தடையும் இல்லை. பாடம் பாக்கியிருக்கிறது என்று சனிக்கிழமை சிறப்பு வகுப்பு வைத்தார்களே தவிர, இதைச் சொன்னவர்கள் குறைவு. ஊரார் வாயில் அது “சம்பளம் பத்தலையாம்” என்பதாகவே தங்கிப்போனது.

செய்யக்கூடியவை கண்ணெதிரே இருக்கின்றன. தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு கிராம சபைகள் கூடுகின்றன. 2022-இல் மார்ச் 22-உம் நவம்பர் 1-உம் சேர்ந்தன. ஆசிரியருக்கு அந்த ஊரில் ஓட்டு இல்லாவிட்டாலும், பள்ளிச் சுற்றுச்சுவர் பற்றி மனு கொடுக்க மாணவரோடு போய் நிற்கலாம். கல்வி உரிமைச் சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர். அந்தக் கூட்டம் வருகைப் பதிவேட்டுக் கையெழுத்தோடு முடிகிறதா, வாக்குவாதம் நடக்கிறதா என்பதை மாணவர் கவனித்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். தொகுதியில் முந்தைய தேர்தலில் நின்றவர்களின் 26-ஆம் படிவப் பிரமாணப் பத்திரங்கள் பொது ஆவணங்கள். சொத்து, கடன், வழக்கு எல்லாம் அதில் இருக்கும். தேர்தல் முடிந்த பிறகு அவற்றை வகுப்பில் விரித்தால் யாருக்கும் பிரசாரம் ஆகாது; கணக்கு வகுப்புக்கும் உதவும். சனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் முதல் தேதிகள் நான்கும் இப்போது வாக்காளர் பட்டியலில் சேர்வதற்கான தகுதி நாட்கள். 17 வயது முடிந்தவர் முன்கூட்டியே ஆறாம் படிவம் கொடுக்கலாம். பிளஸ் டூ வகுப்பில் பெரும்பாலோர் அந்த வயதில்தான் இருக்கிறார்கள்.

இதெல்லாம் நடக்க முதலில் ஆசிரியரின் அச்சம் தெளிய வேண்டும். அது பயிற்சி முகாமால் தெளியாது, எழுத்தால்தான் தெளியும். பள்ளிக் கல்வித் துறையும் தலைமைத் தேர்தல் அலுவலரும் சேர்ந்து ஒரே ஒரு பக்கச் சுற்றறிக்கை அனுப்பட்டும். கட்சிக்கு ஓட்டுக் கேட்பது, தன் ஓட்டைச் சொல்வது, மாணவரைப் பிரசாரத்துக்கு அனுப்புவது ஆகியவை கூடாது என்று ஒரு பத்தி. வேட்பாளர் ஆவணங்களைப் படிப்பது, எதிரெதிர்க் கருத்துகளை விவாதிப்பது, சாவடி நடைமுறையை விளக்குவது, கிராம சபைக்கு அழைத்துப் போவது ஆகியவற்றுக்கு எந்த ஆசிரியர்மீதும் நடவடிக்கை வராது என்று இன்னொரு பத்தி. அந்த இரண்டாம் பத்தியின் கீழ் அதிகாரியின் கையெழுத்து இருக்க வேண்டும். அடுத்த தேர்தல் அறிவிப்புக்கு முன்பே அது ஒவ்வொரு தலைமையாசிரியர் மேசைக்கும் வந்து சேரட்டும். ஆசிரியர் சங்கங்கள் தங்கள் கோரிக்கைப் பட்டியலில் இதையும் ஒரு வரியாகச் சேர்த்துக்கொள்ள வேண்டும்.